மைக்கில் சொன்னால் சொன்னதுதான்

ம்க்கும். ஆமாவா இல்லையா. இல்லை, இன்னும் கொஞ்சம் மூக்குக்கு ஏற்ற வேண்டும். தவமணி மாஸ்டரின் குரல் தொண்டையில் கிடையாது, மூக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறதே, அங்கே குடியிருக்கிறது. ம்க்கும். ஆமாவா இல்லையா. இப்போது சரி. இதே இடத்தில் பிடித்து வை பிலோமினா, நழுவ விடாதே, இன்னும் இருபது நிமிஷம். ழ வராது அவருக்கு, ஏழு என்பதை ஏளு என்பார், ஆனால் அதை யாராலும் செய்ய முடியும், ஸ்கூலில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூடச் செய்யும். அவருடைய உண்மையான அடையாளம் மூச்சு. எல்லோரும் ஒரு வாக்கியம் முடிந்ததும் மூச்சு வாங்குவார்கள், மாஸ்டர் சொல்லுக்கு நடுவில் வாங்குவார், முதல் வாய், ஒரு இழுப்பு, ப்பு. அந்த இழுப்பை நான் கண்டுபிடிக்க நாலு மாசம் ஆனது. இந்த மணமகள் அறையின் கண்ணாடி முழுக்க ஒட்டுப்பொட்டு, எத்தனை கல்யாணப் பெண்கள் நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டுப் போனார்களோ, என் முகத்துக்கு மேல் பதினேழு பொட்டு தெரிகிறது, மூக்கில் ஒன்று, கன்னத்தில் மூன்று, அம்மை போட்ட மாதிரி. மல்லிகையும் பவுடரும் கலந்து புளித்த வாசனை. மடியில் நாலாம் நம்பர் மைக், வயர் இல்லாதது, கைக்குட்டையில் சுற்றி, சுவிட்ச் அணைத்து. இதை என்னிடம் கொடுத்தது சவுண்ட் சர்வீஸ்கார அப்பா, உபரி மைக், பத்திரமாக வைத்திரு என்று. என்னை இந்த அறைக்குள் உட்கார வைத்தது மாஸ்டர். அதுதான் எனக்குத் தாங்க முடியாத சிரிப்பு. காலையில் மண்டபத்து வாசலிலேயே பார்த்துவிட்டு, என்னிடம் பேசாமல் அப்பாவிடம் சொன்னார், "அருளப்பா, ரேடியோவை உள்ள ரூம்ல உக்கார வை. ஹால்ல இருந்தா யாரு பேசுறான்னே தெரியாது." மற்ற பெண்கள் எல்லாம் மாடியில் சாப்பாட்டு ஹாலில், பாய் விரித்து, கூட்டமாக. நான் மட்டும் இங்கே, கல்யாணமில்லாத கல்யாணப் பெண்.

இன்று ஆள் எடுக்கும் நாள். மாவட்டத்து மகளிர் கபடி லீக், எட்டு டீம், எட்டு மேசை, எட்டு கோச். பட்டியலில் அறுபத்து நாலு பெண்கள். டீமுக்கு ஏழு பேர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் எடுப்பார்கள், கடைசியில் எட்டு பேர் மிஞ்சுவோம். மிஞ்சுவோம் என்று என் வாயே சொல்லிவிட்டது பார். பட்டியலில் அறுபத்து நாலாவது பெயர் என்னுடையது. அகர வரிசை இல்லை, கோச்சுகள் கூடி உட்கார்ந்து போட்ட வரிசை, யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சீட்டுக் குலுக்கியதில் முதல் வாய்ப்பு திண்டுக்கல் டீமுக்கு விழுந்தது, அதாவது மாஸ்டருக்கு. போன வருஷம் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். யாரோ அழித்து எழுதி, நாற்காலி பறந்து, ஒருவருக்கு நாலு தையல். அதனால் இந்த வருஷம் புது விதி, செயலாளர் இப்ராகிம் சார் காலையிலிருந்து மூன்று தடவை படித்துவிட்டார். இப்ராகிம் சார் குரல் எனக்கு அல்வா, பள்ளிவாசல் கூடத்தில் பேசுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு எதிரொலியை அவரே வைத்துக்கொள்வார். "விதி எண் ஐந்து. வாய்ப்பு உள்ள கோச், ரெண்டு நிமிஷத்துக்குள்ள, மைக்கில் பேசணும். அவர் வாயிலிருந்து வரும் முதல் பெயர்தான் தேர்வு. வாய்ப்பை மாற்றிக்கொள்வதானாலும் மைக்கில்தான். மைக்கில் சொன்னால் சொன்னதுதான்." இந்த விதியைக் கொண்டு வந்தவர் யார்? தவமணி மாஸ்டர். கையைத் தட்டி நிறைவேற்றியதும் அவரே. மாஸ்டர், உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்.

கதவு முழுசாகச் சாத்தாது, தாழ்ப்பாள் வளைந்திருக்கிறது, விரலளவு இடுக்கு. அந்த இடுக்குக்கு நேராக முதல் மேசை. மாஸ்டரின் முதுகு, தோளில் மஞ்சள் துண்டு, பக்கத்தில் உதவிக் கோச் வினோபா அண்ணன். ஒரு மணி நேரமாக இதே பேச்சு. முதல் ஆளாக எந்த ரெய்டரை எடுப்பது, வேடசந்தூர் கற்பகவல்லியா, நிலக்கோட்டை ஷர்மிளாவா. அல்லது முதல் வாய்ப்பையே இரண்டாம் மேசைக்குக் கொடுத்துவிட்டு இறங்கிப் போவதா. இரண்டாம் மேசை வத்தலக்குண்டு டீம், எலிசபெத் மேடம், குரலில் எப்போதும் கல்கண்டு கடிக்கிற சத்தம். மேடம் காலையிலேயே வந்து கேட்டுவிட்டுப் போனார், முதல் வாய்ப்பை எனக்குக் கொடுங்க, என் ரெண்டாவதை எடுத்துக்கங்க, கூடவே அடுத்த சுற்றில் என் பத்தாவதும் உங்களுக்கு. வினோபா அண்ணன் கெஞ்சுகிறார். "மாஸ்டர், ஒரு படி இறங்குறதுல என்ன கெட்டுப் போச்சு? ரெண்டு ரெய்டர்ல ஒருத்தி நமக்குக் கட்டாயம் வந்துருவா. பத்தாவது சும்மா கிடைக்குது. ஒரு நல்ல கார்னர் புள்ளைய எடுத்துரலாம்." மாஸ்டர், "யோவ், முதல் ஆளா நிக்கிறவன் எதுக்குய்யா இறங்கணும்? எனக்கு கற்பகவல்லி வேணும். அவ கால் பாத்தியா, தரையில படவே இல்ல." கால். எல்லாரும் கால். எட்டு கோச்சும் கண்ணை வைத்துக் கபடி பார்க்கிறார்கள், ஒரு ஆளாவது காதை வைத்துப் பார்க்கிறாரா. ரெய்டு போகிறவள் எதிர்க் கோட்டுக்குள் இருக்கிற முப்பது விநாடியும் விடாமல் கபடி கபடி என்று பாட வேண்டும், மூச்சு விட்டால் பாட்டு உடைந்தது, ரெய்டு போச்சு. கற்பகவல்லியின் பாட்டு எனக்கு மனப்பாடம். கபடிகபடிகபடி என்று ஊசி மாதிரி போகும், இருபத்திரண்டாவது விநாடியில் அரைச் சுருதி இறங்கும், இறங்கிய அடுத்த எட்டில் திரும்பி ஓடுவாள். ஒவ்வொரு தடவையும். கண்ணை மூடிக்கொண்டு நான் சொல்வேன் இப்போது திரும்புகிறாள் என்று. காது உள்ள ஒரு கேட்சர் இருந்தால் முழங்காலைப் பிடித்துப் படுக்கப் போட்டுவிடலாம். ஷர்மிளாவின் பாட்டோ மாவு மில் மாதிரி, ஒரே சத்தம், மூன்று பேர் இடுப்பில் தொங்கினாலும் அதே சத்தம், எப்போது திரும்புவாள் என்று அவள் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. எடுக்க வேண்டியது ஷர்மிளாவை. வினோபா அண்ணன் சொல்கிற மாதிரி இறங்கி, மேடம் கற்பகவல்லியை எடுத்துக்கொண்டு போக, ஷர்மிளாவும் பத்தாவது ஆளும் கையில் விழ, அந்த டீமை யாரும் தொட முடியாது. இது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நாக்கை அறுத்தாலும் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அவர் கேட்டதெல்லாம் ரேடியோ, ஸ்டேஷன் மாத்து.

ரேடியோ. ரெண்டு வருஷத்துக்கு முந்தின ஏப்ரல் மாசம், செலக்‌ஷன், பொட்டல் வெயில், ரப்பர் விரிப்பில் முழங்கை தேய்ந்து எரிகிறது. நான் ரெய்டு போகிறேன். போனஸ் கோட்டைத் தாண்டிவிட்டேன், வலது கார்னர் பெண் குனிகிறாள், என் பாட்டு சுத்தமாக ஓடிக்கொண்டிருக்கிறது, பயந்தால் மட்டும் எனக்குப் பாட்டு வேறு யார் குரலுக்காவது போய்விடும், வேண்டுமென்று இல்லை, தானாக, தண்ணீர் பள்ளத்துக்குப் போகிற மாதிரி. அன்றைக்கு அம்மா குரலுக்குப் போனது, காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேசுகிற அம்மா, கபடீ கபடீ என்று இழுத்து. கேட்சர் பெண் சிரித்துவிட்டாள், நான் தொட்டுவிட்டேன், திரும்பிக் கோட்டையும் தொட்டுவிட்டேன். விசில். ஒரு பாயிண்ட் என்று நினைக்கிறேன். மாஸ்டர் கையை ஆட்டுகிறார். "பாட்டு உடைஞ்சு போச்சு. ரெய்டு செல்லாது." உடையவில்லை. குரல் மாறியது, பாட்டு உடையவில்லை, ரெண்டும் ஒன்றா? நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாரையும் பார்த்துச் சொன்னார், "இது புள்ளை இல்ல, ரேடியோ. அது பாட்டுக்கு ஸ்டேஷன் மாத்திக்கிட்டே இருக்கும். இதை வச்சு மேட்ச் ஆட முடியுமா? ஆமாவா இல்லையா?" நூறு பேர் சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நானும் சிரித்தேன். அதுதான் ராத்திரியில் என்னை எழுப்புகிறது, பல்லெல்லாம் தெரிய நானும் சேர்ந்து சிரித்தேன், கொய்ங் என்று ரேடியோ ஸ்டேஷன் தேடுகிற சத்தம் வேறு செய்து காட்டினேன், கைதட்டினார்கள். என்னைக் கீழே போட்டு மிதித்தவருக்கு நானே செருப்பை எடுத்துக் கொடுத்த மாதிரி. அன்றிலிருந்து எட்டு கோச்சுக்கும் நான் ரேடியோ. வருகைப் பதிவேட்டில்கூட, நான் பார்த்தேன், என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரே என்று ஓர் எழுத்து. ஒரு தடவைகூட, ரெண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட, அந்த வாய் பிலோமினா என்று சொன்னதில்லை, அதற்கு முன்னால் ஏய் புள்ளை, பிறகு ரேடியோ.

பஸ்ஸைப் பற்றி இப்போது எதுக்கு. பஸ் வேண்டாம். கைக்குட்டை நனைந்துவிட்டது, உள்ளங்கை வியர்க்கிறது, மைக்கில் ஈரம் பட்டால் கரகர என்னும் என்று அப்பா சொல்வார், துடை. அப்பா மண்டபத்தின் அந்தக் கோடியில் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், ஆரோக்கியம் சவுண்ட் சர்வீஸ் என்று பெட்டி மேல் எழுதியிருக்கிறது, எழுதியது நான், ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு பச்சை விளக்கு, எந்த மைக் பேசுகிறதோ அந்த விளக்கு துடிக்கும். நாலாம் நம்பர் துடித்தால் அப்பாவுக்குத் தெரியும். மைக் என் மடியில் இருக்கிறது என்று அப்பா ஒருவருக்குத்தான் தெரியும். கட்டைவிரலால் ஓர் இழுப்பு, நாலாம் நம்பரைக் கீழே இறக்கிவிட்டால் முடிந்தது, நான் இந்த அறைக்குள் கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும் பைத்தியம். இறக்குவார். கட்டாயம் இறக்குவார். அப்பா சண்டைக்காரர் இல்லை, பேச்சாளர் மைக்கில் எச்சில் தெறித்தாலும் துடைத்துவிட்டுக் கும்பிடுகிறவர். இறக்கவில்லை என்றால் இன்னும் மோசம், அடுத்த வருஷம் இந்தக் கமிட்டி அப்பாவைக் கூப்பிடாது. அப்புறம் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு டீயும் பன்னும்தான். பன். பார், எங்கே சுற்றினாலும் பஸ்ஸுக்கே வந்து நிற்கிறது.

சரி, பஸ். வேகமாகச் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுகிறேன். அந்த செலக்‌ஷனுக்கு முந்தின மாசம். கரூரில் அரையிறுதி தோற்றுவிட்டுத் திரும்புகிறோம். முந்தின நாள் சாயங்காலம் கிரவுண்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், மாஸ்டர் போனில் அவர் வீட்டம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் தொட்டிக்கு இந்தப் பக்கம் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். "தோத்துட்டோம்மா. எனக்கு என்ன தெரியும்னு கேக்குறாங்க. மைதானத்துல வச்சுக் கேக்குறாங்கம்மா." அந்த அம்மாவில் ஒரு இழுப்பு, அம், இழுப்பு, மா. அழுதார். நான் முகம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன், கேட்டேன் என்று இல்லை, எடுத்தேன், சட்டைப் பையில் போடுகிற மாதிரி எடுத்து வைத்துக்கொண்டேன். எடுத்ததைச் சும்மா வைத்திருக்க முடிகிறதா என்னால்? மறுநாள் பஸ்ஸில் பிள்ளைகள் எல்லாம் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், சிரிக்க வைக்கலாம் என்று எழுந்து நின்று செய்தேன். தோத்துட்டோம்மா. முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு பஸ்ஸே சிரித்தது, நான் துண்டு மாதிரி ஷாலைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னும் அழுதேன். சிரிப்பு முன்னாலிருந்து ஒவ்வொரு சீட்டாக அணைந்துகொண்டு வந்தது. படியில் மாஸ்டர். கையில் பை நிறையத் தேங்காய் பன், எங்களுக்காக வாங்கியது. பையை முதல் சீட்டில் வைத்தார். டிரைவரிடம் போகலாம் என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்தத் திட்டையும் மறுநாள் செய்து காட்டி இருவரும் சமம் ஆகியிருப்போம். நான் பன் தின்றேன், ரெண்டு. அடுத்த மாசம் ரேடியோ. அப்படிப் பார்த்தால் அவர் பழி வாங்கினார், இது என் பழி, கணக்கு நேர் என்று யாராவது சொல்லலாம், யார் சொல்வார்கள், யாரிடமும் இதை நான் சொன்னதில்லை. நான் எடுத்தது ஒரு அழுகை, ஒரு நாள். அவர் எடுத்தது என் பெயர், ரெண்டு வருஷம். நேர் இல்லை. நேரே இல்லை. ம்க்கும்.

பத்து நிமிஷம். ஒரு தடவை முழுசாக ஓட்டிப் பார், சத்தம் வராமல், உதட்டில் மட்டும். முதல் வாய், இழுப்பு, ப்பை எலிசபெத் மேடத்துக்கே விட்டுக் குடுத்துடுறோம். பதிலுக்கு ஒண்ணும் வேணாம். இதுதான் என் திட்டம், இதைவிட அழகாக எவளும் யோசித்திருக்க முடியாது. ரெண்டாவதும் வேண்டாம், பத்தாவதும் வேண்டாம், ஒண்ணும் வேணாம். எட்டு மேசையும் அவரை ஏமாளி என்று பார்க்க வேண்டும், மைதானத்தில் வைத்துக் கேட்டார்களே அவருக்கு என்ன தெரியும் என்று, அதை இன்றைக்கு மண்டபத்தில் வைத்துக் கேட்க வேண்டும், நூறு பேர் பல்லைக் காட்ட வேண்டும், அவரும் வேறு வழியில்லாமல் சேர்ந்து சிரிக்க வேண்டும். வேறு மாதிரியும் செய்யலாம். அந்தக் குரலில் என் பெயரைச் சொல்லலாம். முதல் பெயர்தான் தேர்வு. முதல் வாய்ப்பில் பிலோமினா. அறுபத்து நாலாவது ஆளை முதல் ஆளாக. ஐயோ, நினைத்தாலே உச்சந்தலையில் சில்லென்கிறது. சொல்லிப் பார். ம்க்கும், பிலோ. இல்லை. பிலோமினா. இல்லை, இது இப்ராகிம் சார். பிலோமி, இது அம்மா. பிலோ என்று முன்பாதியோடு நிறுத்துகிறவர் அப்பா. மாஸ்டர் எங்கே மூச்சு வாங்குவார், பி, இழுப்பு, லோமினாவா, பிலோ, இழுப்பு, மினாவா, லோவை இழுப்பாரா, மீனா என்று நீட்டுவாரா. வரவில்லை. ஏளு வருகிறது, ஆமாவா இல்லையா வருகிறது, அழுகைகூட வருகிறது, என் பெயர் மட்டும் வரவில்லை. எப்படி வரும்? நான் ஒரு குரலைக் கேட்டுத்தான் செய்வேன், கேட்காததைச் செய்ய நான் என்ன மந்திரவாதியா. ரெண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும், திட்டுவதற்காவது. கண்ணாடியில் பதினேழு பொட்டு வைத்த ஒருத்தி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள், அவளைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது. வேண்டாம், அது வேண்டாம், அவர் டீமில் சேர்ந்து அவர் விசிலுக்கு ஓடவா இவ்வளவும். ஒண்ணும் வேணாம். அதுவே போதும். ஒண்ணும் வேணாம்.

ஸ்பீக்கரில் இப்ராகிம் சார். "அமைதி, அமைதி. முதல் சுற்று. முதல் வாய்ப்பு, திண்டுக்கல், தவமணி மாஸ்டர். ரெண்டு நிமிஷம், இப்போதிலிருந்து." என் இதயம் கற்பகவல்லியின் பாட்டு மாதிரி ஊசியாக ஓடுகிறது. இடுக்கில் கண்ணை வைக்கிறேன். மாஸ்டர் மைக்கை எடுக்கவில்லை, வினோபா அண்ணன் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒரு தடவை, மாஸ்டர் இறங்கலாம் மாஸ்டர், என்கிறார், மாஸ்டர் அவர் பக்கம் குனிகிறார், முதுகு மட்டும் தெரிகிறது, துண்டு மட்டும் தெரிகிறது. கைக்குட்டையை எடுத்தேன். கட்டைவிரல் சுவிட்சில். ரெய்டு போகிறவள் கோட்டைத் தாண்டும்வரைதான் பயம், தாண்டிய பிறகு முப்பது விநாடி, அவ்வளவுதான், மூச்சை அடியிலிருந்து எடு. அழுத்தினேன்.

"ம்க்கும். முதல் வாய்... ப்பை எலிசபெத் மேடத்துக்கே விட்டுக் குடுத்துடுறோம். பதிலுக்கு ஒண்ணும் வேணாம். பாவம், காலையில இருந்து ஆசைப்படுறாங்க. ஆமாவா இல்லையா."

மண்டபம் முழுக்க ஓடிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது அந்தக் குரல், அவருடையதைவிட அவருடையதாக. பாவம் என்பது திட்டத்தில் இல்லை, தானாக வந்தது, சந்தோஷத்தில். பிறகு கல்கண்டு கடிபட்டது. எலிசபெத் மேடம், "ஐயோ மாஸ்டர்! நீங்க இவ்வளவு நல்லவர்னு இத்தனை வருஷமா எங்ககிட்ட சொல்லவே இல்லையே!" வெடித்தது சிரிப்பு, எட்டு மேசையும், தண்ணீர் ஊற்றுகிற ஆள்கூட. நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன், கண்ணில் தண்ணீர், வயிறு வலிக்கிறது, மாஸ்டர் எழுந்து நிற்கிறார், துண்டு கீழே விழுகிறது, அப்படித்தான், அப்படித்தான், நூறு பேர் மாஸ்டர், எண்ணிக்கொள்ளுங்கள். அவர் முதல் மைக்கைப் பிடுங்கினார்.

"நான் பேசலை! யோவ், நான் வாயே திறக்கலை!"

"உங்க குரல்தானே மாஸ்டர்?" இப்ராகிம் சார்.

"என் குரல்தான். ஆனா நான் பேசலை."

மறுபடியும் சிரிப்பு. "குரல் உங்களுது, பேசினது வேற ஆளா? அது எப்படி?"

"அந்த ரேடியோ! ரேடியோ பண்ற வேலை அது!"

"ரேடியோவா? அருளப்பா, ரேடியோ ஏதாவது போட்டு வச்சிருக்கியா?"

"இல்லீங்க சார்." அப்பாவின் குரல், மைக் இல்லாமல், தூரத்திலிருந்து, சின்னதாக.

"மாஸ்டர், ரேடியோ கீடியோன்னு எல்லாம் நான் எழுத முடியாது. யாரு மேல புகார்? பேரைச் சொல்லுங்க."

"எளுதிக்குங்க." ஸ்பீக்கரில் அவர் மூச்சு இரைக்கிறது. "அறுபத்து நாலாம் நம்பர். பிலோமி... னா. பிலோமினா!"

மியில் ஒரு இழுப்பு. மிக்கும் னாவுக்கும் நடுவில். அங்கேதானா. நான் எல்லா இடத்திலும் தேடினேன், அந்த ஒரு இடத்தை விட்டுவிட்டேன். சிரிப்பு நின்றுபோய் நான் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன், மினாவைப் பிரிப்பார் என்று யாருக்குத் தோன்றும். பிலோமி, இழுப்பு, னா. உதடு தானாகச் செய்து பார்த்தது, அச்சு அசல்.

அப்போதுதான் எலிசபெத் மேடம் மேசையைத் தட்டினார். "சார்! சொல்லிட்டாரு! முதல் பேரு!"

"என்ன முதல் பேரு?" என்றார் மாஸ்டர்.

"விதி அஞ்சு மாஸ்டர், நீங்க கொண்டு வந்ததுதான். வாய்ப்பு உங்களுது, மைக் உங்க கையில, ரெண்டு நிமிஷம் இன்னும் முடியலை, உங்க வாயிலிருந்து வந்த முதல் பேரு பிலோமினா. எடுத்துக்கங்க, சந்தோஷமா எடுத்துக்கங்க." மேடத்துக்கு என்ன, இப்படிப் போனாலும் அப்படிப் போனாலும் கற்பகவல்லி அவருக்கு.

வினோபா அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். காகிதம் புரட்டுகிற சத்தம். இப்ராகிம் சார் தொண்டையைச் செருமாமல், எதிரொலி இல்லாமல், முதல் தடவையாக ஒரு சாதாரண மனுஷனைப் போலப் பேசினார். "மாஸ்டர், ரெண்டு வழிதான் இருக்கு. முன்னால வந்தது உங்க குரல்தான்னு ஒத்துக்கிட்டா, வாய்ப்பை மேடத்துக்குக் குடுத்தாச்சு, ஒரு சுத்துல ஒரு டீமுக்கு ஒரு ஆள்தான், அதனால பதிலுக்கு வேணாம்னாலும் ரெண்டாவது உங்களுக்குத்தான், ஷர்மிளாவை எடுத்துட்டுப் போங்க, யாருக்கும் நஷ்டமில்லை. அது உங்க குரல் இல்லைன்னா, வாய்ப்பு உங்ககிட்டயே இருக்கு. ஆனா நீங்க சொன்ன பேரு நிக்கும். நாப்பது விநாடி இருக்கு. என்ன சொல்றீங்க?"

ஒத்துக்கொள்ளுங்கள் மாஸ்டர். ஒத்துக்கொண்டால் ஷர்மிளா, அந்த மாவு மில், எடுக்க வேண்டிய ஆளே அவள்தான், என் கையால் உங்களுக்கு நல்லது நடந்துவிடுமே, ஐயோ, பழி வாங்கப் போய் நானே ஷர்மிளாவை உங்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேனா? வினோபா அண்ணன் அவர் காதில், "என் குரல்தான்னு சொல்லிருங்க மாஸ்டர், ஒரு வார்த்தை, ஷர்மிளா வந்துருவா." இடுக்கில் பார்க்கிறேன். மாஸ்டர் குனிந்து துண்டை எடுக்கிறார். திரும்புகிறார். நேராக இந்தக் கதவைப் பார்க்கிறார், இந்த இடுக்கை, என் கண்ணை. பஸ் படியில் நின்று பார்த்தாரே, அந்தப் பார்வை. நான் நகரவில்லை, நகர முடியவில்லை.

"அது என் குரல் இல்ல," என்றார் மைக்கில், அவசரப்படாமல். "என் குரலை ஒரு தடவை அது எடுத்துட்டுப் போச்சு. நான் சும்மா விட்டேன். இன்னொரு தடவை குடுக்க மாட்டேன். எளுதிக்குங்க சார். முதல் வாய்ப்பு, பிலோமினா."

"மாஸ்டர்!" வினோபா அண்ணன் கத்திவிட்டார்.

"இரு. நாளைக்குக் காலையில அஞ்சு மணி. மைதானம். முப்பது சுத்து ஓடிட்டு ரெய்டு வரணும், பாட்டு உடையக் கூடாது. அவ அம்மா குரல் வேணாம், கண்டவன் குரல் வேணாம். அவ குரல்ல பாடணும். அப்படி ஒண்ணு இருக்கான்னு நானும் கேக்கணும். ஆமாவா இல்லையா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன், கதவு திறந்துகொண்டது, மண்டபம் முழுவதும் என்னைப் பார்க்கிறது, கையில் நாலாம் நம்பர் மைக், சுவிட்ச் இன்னும் அணைக்கவில்லை. அந்தக் கோடியில் அப்பா. மிக்ஸரில் நாலாம் நம்பர் பச்சை விளக்கு என் மூச்சுக்குத் துடிக்கிறது. அப்பாவின் கட்டைவிரல் அதன் மேலேயே இருக்கிறது, முதலிலிருந்தே அங்கேதான் இருந்திருக்க வேண்டும், இறக்கவில்லை. அப்பா என்னைப் பார்க்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"வீராங்கனை சம்மதம் சொல்லணும்," என்றார் இப்ராகிம் சார் குனிந்து எழுதிக்கொண்டே. "மைக்கில். ஒரு வார்த்தை. சம்மதம், இல்லைன்னா இல்லை."

இல்லை என்று சொல்லலாம். இல்லை என்றால் முதல் வாய்ப்பே பாழ், மாஸ்டர் வெறுங்கையோடு நிற்பார், இதைவிடப் பெரிய பழி கிடையாது, தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். எந்தக் குரலில் சொல்லலாம், அவர் குரலிலேயே சொல்லலாமா, இல், இழுப்பு, லை, மண்டபமே இடிந்து விழும். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். அவர் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார், காதை மட்டும் என் பக்கம் திருப்பியிருக்கிறார். காலைப் பார்க்கவில்லை. காதை. ம்க்கும் வரவில்லை. அம்மா வரவில்லை. அப்பா, இப்ராகிம் சார், கல்கண்டு, மாவு மில், யாரையும் காணோம், இத்தனை பேரும் எங்கே போனார்கள், மூச்சு மட்டும் இருக்கிறது, அது கீழேயிருந்து ஏறி வருகிறது.

"சம்மதம்."

மெலிசாக, நடுவில் கீறல் விழுந்து, யாரோ ஒருத்தியின் குரல்.

இப்ராகிம் சார் தலை நிமிர்ந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். "யாரும்மா அது பேசினது? வேற யாரும் பேசாதீங்க. பிலோமினா, நீ சொல்லும்மா."

நான் இப்போதுதானே சொன்னேன். மேசைக்கு மேசை தலைகள் திரும்பி யாரையோ தேடின. மாஸ்டர் மட்டும் தேடவில்லை. துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டார்.

"அவதான்," என்றார்.

அவ, ஒரு சின்ன இழுப்பு, தான். அதையும் எடுத்து வைத்துக்கொண்டேன். நாளைக்குக் காலையில் அஞ்சு மணிக்கு வேண்டியிருக்கும், என் குரல் எது என்று மறந்துபோனால்.